அந்த ஃபோட்டோவுக்கு வந்த கமெண்ட்களுக்கு டீச்சரின் பதில்



போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் ஒரு ஃபோட்டோ போட்டாள். காதை மூடிய மஃப், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, புடவைக்கு மேல் ஸ்வெட்டர், கையில் ஒரு பழைய ரிவால்வர். அது நான்தான். அதற்கு வந்த கமெண்ட்களை மூன்று நாளாகப் படித்தேன். முப்பத்தி நாலு வருஷம் விடைத்தாள் திருத்திய பழக்கம், எல்லாவற்றையும் வகை பிரித்துவிட்டேன். மொத்தம் மூன்று வகை.

முதல் வகை: "டீச்சர் செம கெத்து!" இரண்டாவது வகை: "பென்ஷன் பணத்தை இப்படியா கரைப்பது? இது பணக்காரர்கள் விளையாட்டு." மூன்றாவது வகை: "அமெரிக்காவில் பாதுகாப்புக்கு வீட்டில் ஒன்று இருப்பது நல்லதுதான்."

மூன்றுமே தப்பு. மூன்றாவதுதான் ரொம்பத் தப்பு. அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். நடுவில் எழுந்து போய்விடாமல் முழுதும் படியுங்கள்.

முதலில் காசுக் கணக்கு. கணக்கு டீச்சரிடம் காசைப் பற்றிப் பேசினால் இப்படித்தான் ஆகும்.

2019-ல் ஆரம்பித்தேன். மாதம் நாற்பது டாலர் ஒரு பிஸ்கட் டின்னில் போடுவேன். அதற்கு மேல் ஒரு டாலர் கிடையாது. ஆறு வருஷத்தில் 2,880 டாலர். அதில் நாலு ரிவால்வர் வாங்கியது மொத்தம் 1,180. ஊர் கிளப்பின் சுடுகளத்துக்கு வருஷச் சந்தா 100 வீதம் 600. பூட்டும் இரும்புப் பெட்டி 130. லைசென்ஸ் கட்டணம் இரண்டு தடவை 60. மீதி 910 டாலர் ஆறு வருஷத்துத் தோட்டாவுக்கும் எண்ணெய், துணிக்கும். மாதம் நாற்பது டாலருக்கு மேல் வெளியில் காபி குடிக்கிற பிள்ளைகள் எத்தனை பேர் என் லிஸ்டில் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

பணக்காரர்கள் விளையாட்டு என்று எப்படித் தோன்றுகிறது? சினிமாதான் காரணம். 1971-ல் 'டர்ட்டி ஹாரி' படம் வந்தது. அதில் ஹீரோ வைத்திருந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 29-க்கு அடிதடி ஆகிவிட்டது. 'வாக்கிங் டெட்' தொடரில் கோல்ட் பைத்தான் வந்ததும் அதன் விலையும் ஏறியது. 1955-ல் வந்த துப்பாக்கி, 2005-ல் தயாரிப்பை நிறுத்தினார்கள், ஆட்கள் கேட்டுக்கொண்டே இருக்க 2020-ல் மறுபடி புதிதாகச் செய்தார்கள். இந்த இரண்டையும் விட்டுவிட்டால் பழைய ரிவால்வர் உலகத்தில் ஏழைக்கும் இடம் உண்டு.

என் முதல் ரிவால்வர் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10. 360 டாலர். 1899-ல் வேறு பெயரில் வந்தது, 1957-ல் இந்த நம்பர் கொடுத்தார்கள், இதுவரை அறுபது லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். நம் ஊர் அம்பாசிடர் கார் மாதிரி, எந்தப் போலீஸ்காரர் இடுப்பிலும் அதுதான். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் போலீஸ் எல்லாம் தானியங்கிப் பிஸ்டலுக்கு மாறியபோது இவை கும்பலாகச் சந்தைக்கு வந்தன. தோல் உறையில் தினமும் உரசி உரசி வெளியே கறுப்புப் பூச்சு போயிருக்கும். உள்ளே பார்த்தால் அதிகம் சுட்டதே இருக்காது. இருபது வருஷம் இடுப்பில் சுமந்த போலீஸ்காரர் வருஷத்துக்கு ஓரிரு தடவை தேர்வுக்காகச் சுட்டிருப்பார், அவ்வளவுதான். பளபளப்பைப் பார்த்து வாங்குகிறவர்கள் இதை ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு அதுவே வசதி. மாப்பிள்ளை சட்டையைப் பார்த்தா பெண் கொடுப்போம்?

வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றைப் பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்லிக் கொடுத்தார். தபால் இலாகாவில் ரிட்டயர் ஆனவர். என்னை முதன்முதலில் சுடுகளத்துக்குக் கூட்டிப் போனதும் அவரும் அவர் மனைவியும்தான். தோட்டா இல்லை என்பதை இரண்டு தடவை பார்த்த பிறகு, சுத்தியை மெதுவாகப் பின்னால் இழுக்க வேண்டும். சுத்தி முழுதும் நிமிர்வதற்குள் சிலிண்டர் 'டிக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறையையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பிறகு சிலிண்டரை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்க வேண்டும், ஆடக் கூடாது. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை மெக்கானிக் வைத்திருக்கும் ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். ஆயிரத்தில் ஆறு அங்குலம் என்றால் நல்லது. பத்தைத் தாண்டினால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும். அந்தக் கேஜ் விலை சில டாலர்தான். அதைக் கையில் எடுத்துக்கொண்டு புடவை கட்டிய கிழவி கடைக்குள் நுழைந்தால் கடைக்காரர் விலை சொல்கிற விதமே மாறிவிடும்.

இரண்டாவது, ஒன்பது தோட்டா போடும் .22 ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்ஸன், 150 டாலர். இதுதான் என் தினசரிச் சோறு. ஐம்பது தோட்டா நாலு டாலர், ஒரு காலை நேரம் ஓடிவிடும். மூன்றாவது ரஷ்யாவின் நாகன், 1895 மாதிரி, ஏழு தோட்டா. சுத்தியை இழுத்தால் சிலிண்டரே முன்னால் நகர்ந்து குழலோடு ஒட்டிக்கொள்ளும், வாயு கசியாமல் இருக்க. ஒரு காலத்தில் நூறு டாலருக்கே கிடைத்ததாம். நான் தாமதமாக வந்தேன், 280 கொடுத்தேன். நாலாவது, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் பக்கத்துக்கு அமெரிக்கா செய்து அனுப்பிய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் விக்டரி, 390.

இந்த விக்டரியை வைத்து ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அது .38 எஸ் அண்ட் டபிள்யூ தோட்டாவுக்குச் செய்தது. மாடல் 10-க்கு .38 ஸ்பெஷல். இரண்டிலும் .38 என்று இருக்கிறது, ஆனால் ஒன்று குட்டையாகவும் சற்றுப் பருமனாகவும் இருக்கும், மற்றது நீளமாக ஒல்லியாக. போருக்குப் பிறகு பல விக்டரிகளின் அறையைக் குடைந்து ஸ்பெஷல் நுழைகிற மாதிரி ஆக்கி விற்றார்கள். சுட்டால் கூடு வீங்கும், சில சமயம் வெடிக்கும். பிரிட்டனின் வெப்லி ரிவால்வர்களுக்கும் இதே கதி. .455 தோட்டாவுக்குச் செய்த சிலிண்டரின் பின்பக்கத்தைச் சீவி .45 ஏ.சி.பி. நுழைய வைத்தார்கள். அந்தத் தோட்டாவின் அழுத்தம் அந்தப் பழைய இரும்புக்கு அதிகம். நுழைகிறது என்பதால் மட்டும் பொருந்துகிறது என்று அர்த்தம் இல்லை. கணக்கில் சூத்திரத்தை அப்படிப் போட்டுவிட்டு என்னிடம் எத்தனை பேர் மண்டையில் குட்டு வாங்கினீர்கள்?

கண்ணாடிப் பெட்டியில் வைத்து விலை ஏறக் காத்திருக்கும் சேகரிப்பாளர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. நாலு தலைமுறைக்கு முன் ஒரு தொழிலாளி அரம் பிடித்து ராவிப் பொருத்திய யந்திரம் அது. இயக்கிப் பார்த்தால்தான் அவன் வேலை புரியும். ஊசி நூல் கோத்து ஓடாத சிங்கர் மிஷினை ஹாலில் அலங்காரமாக வைப்பவர்கள் மேல் எனக்கு இருக்கும் கோபம்தான் இதுவும்.

இனி 'கெத்து' என்று எழுதிய பிள்ளைகளுக்கு.

கெத்து எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள். என்னிடம் இருப்பது பழம்பொருள் சேகரிப்பவருக்கான லைசென்ஸ். மூன்று வருஷத்துக்கு முப்பது டாலர். ஐம்பது வருஷமோ அதற்கு மேலோ பழையது என்றால் அதை வைத்து நேரடியாக வரவழைக்கலாம். அதற்காக ஒரு பதிவேடு எழுத வேண்டும். எந்த நாள் வந்தது, யாரிடமிருந்து, என்ன நம்பர், எந்த நாள் போனது. முப்பத்தி நாலு வருஷம் வருகைப் பதிவேடு எழுதிவிட்டு இங்கே வந்தும் பதிவேடுதான் எழுதுகிறேன். சுடுகளத்தில் ஒருவர் 'நிறுத்து' என்று சொன்னால் எல்லோரும் காலியாக்கிக் கீழே வைத்துவிட்டுக் கை எடுத்துப் பின்னால் போக வேண்டும். வீட்டுக்கு வந்ததும் ஈயம் போகக் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், புடவையைத் தனியாகத் துவைக்க வேண்டும். சினிமாவில் ஹீரோ விரலில் சுழற்றுகிறாரே, அதைச் சுடுகளத்தில் செய்தால் அன்றே வெளியே அனுப்பிவிடுவார்கள்.

என் நாத்தனார் பேரன் போன கோடையில் டூரிஸ்ட் விசாவில் வந்தான். "பாட்டி, கையில பிடிச்சு ஒரே ஒரு செல்ஃபி." முடியாது என்றேன். இன்னும் கோபமாக இருக்கிறான். தம்பி, பாட்டி கஞ்சத்தனம் பண்ணவில்லை. டூரிஸ்ட், மாணவர், எச்1பி மாதிரி விசாவில் அமெரிக்காவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது, வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் தவிர, மத்திய சட்டப்படி குற்றம். எனக்குக் கிரீன் கார்டு இருக்கிறது. உனக்கு இல்லை. ஒரு செல்ஃபிக்காக உன் படிப்பை யாராவது அடகு வைப்பார்களா? ஊரில் இருந்துகொண்டு "டீச்சர், இங்கே எப்படி வாங்குவது?" என்று இன்பாக்ஸில் கேட்டவனுக்கும் இதே பதில். இந்தியாவில் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் தொட்டால் ஜெயில். போய்ப் பாடத்தைப் படி.

இப்போது மூன்றாவது வகை. "பாதுகாப்புக்கு நல்லதுதான்."

அமெரிக்காவில் 2021-ல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,000 பேருக்கு மேல். அதில் 26,000 பேருக்கு மேல் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். பாதிக்கும் மேல். திருடனுக்காக வாங்கி வைத்தது, வீட்டு மனிதருக்கே ஆகிவிடுகிறது. பத்தாம் வகுப்புக் கணக்குகூட வேண்டாம், ஐந்தாம் வகுப்புக் கழித்தல் போதும்.

என் கதையையும் சொல்கிறேன். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, மகளிடமும் முழுதாக இல்லை. உங்கள் சார் 2017-ல் போனார். அடுத்த வருஷம் இங்கே வந்தேன். 2019 டிசம்பரில் ஒஹாயோவில் அஞ்சு மணிக்கே இருட்டு. மகளும் மருமகனும் வேலை முடிந்து வரும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். பேச ஆள் இல்லை. பெட்டிக்குள் அந்த மாடல் 10 இருந்தது. சாவி என் கழுத்துச் செயினில் இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் அந்தச் சாவியை நான் கையில் பிடித்தபடி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. பேத்தி ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறங்குகிற சத்தம் கேட்டு எழுந்தேன்.

அன்று ராத்திரி சாவியைக் கழற்றி மகளிடம் கொடுத்தேன். "சுடுகளத்துக்குப் போகிற நாள் தவிர, நான் கேட்டாலும் கொடுக்காதே" என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. மறுவாரம் டாக்டரிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். இப்போது நன்றாக இருக்கிறேன். சாவி இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. தோட்டா வேறு அறையில், வேறு பூட்டில். இந்த ஆறு வருஷத்தில் இதனால் என் பொழுதுபோக்கு ஒரு நாள்கூடக் கெடவில்லை.

"அப்படியானால் எல்லாவற்றையும் விற்றுவிடலாமே டீச்சர்" என்று கேட்பீர்கள். மகளும் அப்போது கேட்டாள். நியாயமான கேள்விதான். அன்று விற்றிருந்தாலும் தப்பில்லை. நான் விற்கவில்லை, ஏனென்றால் வாரம் ஒருநாள் என்னை வீட்டை விட்டு வெளியே கொண்டுபோனது அந்தச் சுடுகளம்தான். அந்தப் பெரியவரும் அவர் மனைவியும் எனக்காகக் காரில் காத்திருப்பார்கள். ரிவால்வரின் நீண்ட விசையை மூச்சை அடக்கி, நடுக்கம் இல்லாமல் இழுப்பது குழந்தைக்கு 'அ' எழுதக் கற்றுக்கொடுப்பது மாதிரி. அவசரப்பட்டால் கோணிவிடும். அந்த ஒரு மணி நேரம் மனசு வேறெங்கும் போகாது. ஆனால் சாவி என்னிடமே இருந்திருந்தால் இந்த வாதத்துக்கு மதிப்பே இல்லை. பூட்டும் நம்பகமான இன்னொரு கையும் இல்லாதவருக்கு இந்தப் பொழுதுபோக்கு வேண்டாம் என்பது என் கட்சி.

என் உறவினர் ஒருவர், பெயர் சொல்ல மாட்டேன், படிக்கும்போது அவருக்கே தெரியும். 2020-ல் கொரோனா பயத்தில் ஒன்று வாங்கி, தோட்டா போட்டபடி கட்டிலோர டிராயரில் வைத்திருக்கிறார். வாங்கிய நாளிலிருந்து ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. பையனுக்குப் பதினைந்து வயது. போனில் சொன்னேன், சிரித்தார். "எங்க பையன் தொட மாட்டான் சித்தி" என்றார். வகுப்பில் நாற்பது பிள்ளைகளைப் பார்த்தவள் சொல்கிறேன்: எந்தப் பையன் எதைத் தொட மாட்டான் என்று எந்த அம்மா அப்பாவுக்கும் தெரியாது.

ஆகவே இந்தப் போஸ்டுக்குக் கெத்து என்று எழுதாதீர்கள், ஹார்ட்டும் போடாதீர்கள். வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இப்போதே எழுந்து போய், அது எங்கே இருக்கிறது, தோட்டா எங்கே இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். பூட்டிய பிறகு கீழே 'உள்ளேன் டீச்சர்' என்று எழுதுங்கள். துப்பாக்கி இருப்பதை ஊருக்குச் சொல்ல வேண்டாம் என்று தோன்றினால் இன்பாக்ஸில் எழுதுங்கள்.

பெயர் கூப்பிட்டு முடிக்கும்வரை பதிவேட்டை மூட மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்