பெண்பிள்ளையும் கூடைப்பந்தும்



புதிதாக வந்து இறங்கிய குடும்பங்களில் இப்போது அடிக்கடி கேட்கிற கேள்வி இது. "பள்ளிக்கூடம் விட்ட பிறகு கூடைப்பந்து விளையாட நிற்கப் போகிறாளாம், பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறாள், என்ன செய்கிறது?" இருட்டிப் போகும், காற்சட்டை கட்டை, படிப்புக் கெடும், சனம் என்ன சொல்லும் என்று தாய்மார் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறார்கள். தகப்பன்மார் வேலைக்களைப்பில் வாய் திறப்பதில்லை.

எங்கள் அபிப்பிராயத்தைச் சொல்ல முதல், நாங்கள் வாழும் இந்த விரிகுடாப் பகுதியில் உள்ள ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் கதையைச் சொல்லிவிடுகிறோம்.

கூடைப்பந்து 1891 டிசெம்பரில் மசாசூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் நகரில் பிறந்தது. உண்டாக்கியவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். அடுத்த வருடமே அதே மாநிலத்து ஸ்மித் பெண்கள் கல்லூரியில் செண்டா பெறன்சன் என்ற ஆசிரியை அதைப் பெண்களுக்குப் பழக்கினார். அவரும் சிறுவயதில் லித்துவேனியாவிலிருந்து வந்த குடியேறி. பந்தைப் பறிக்கக் கூடாது, கனநேரம் கையில் வைத்திருக்கக் கூடாது, அவரவர் பகுதியை விட்டு வெளியே ஓடக் கூடாது என்று விதிகள் போட்டார். பெண்களின் இந்த ஆட்டம் கடல் கடந்து இங்கிலாந்துக்குப் போய் வலைப்பந்தானது. பிறகு வெள்ளைக்காரரோடு எங்கள் ஊருக்கும் வந்தது. வேம்படியிலும் சுண்டிக்குளியிலும் எங்கள் அக்காமார் விளையாடிய நெட்போல் இதன் தங்கச்சிதான். ஈவினையில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம் இலங்கை அணிக்கு விளையாடி 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணம் வெல்லக் கைகொடுத்ததை வாசகர்கள் அறிவார்கள். பந்தும் பெண்பிள்ளையும் எங்களுக்கு ஒன்றும் புதிதல்ல.

ஸ்ரான்போர்ட் 1891இல் திறந்த நாளிலிருந்தே பெண்களைச் சேர்த்த இடம். 1896 ஏப்ரல் 4ஆம் திகதி அதன் பெண்கள் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய் பேர்க்லிப் பெண்களுடன் மோதினார்கள். இரண்டு பல்கலைக்கழகங்களின் பெண்கள் அணிகள் ஆடிய முதல் ஆட்டம் அது என்று சொல்கிறார்கள். ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர். பார்க்க வந்தவர்கள் சுமார் 700 பேர், அத்தனை பேரும் பெண்கள். ஆண்களுக்கு அனுமதி இல்லை. கூடை சரிந்துவிட, அதைச் சரிப்படுத்த இரண்டு ஆண்கள் உள்ளே வந்ததும் பேர்க்லிப் பெண்கள் கூச்சலிட்டு ஒரு மூலையில் ஒதுங்கினார்களாம். எங்கள் ஆச்சிமார்கூட அவ்வளவு கூச்சப்பட்டிருக்க மாட்டார்கள்! ஸ்ரான்போர்ட் 2-1 என்று வென்றது.

ஆனால் 1899இல் ஸ்ரான்போர்ட் ஆசிரியர் குழு, பெண்கள் வேறு கல்லூரிகளோடு அணியாக மோதுவதைத் தடைசெய்தது. உடம்புக்குக் கூடாது, பெயரும் வீணாக அடிபடுகிறது என்பவை சொன்ன காரணங்கள். அதே வருடத்தில் பெண் மாணவிகள் 500 பேருக்கு மேல் வேண்டாம் என்று வரம்பும் வைத்தார்கள். அந்தக் காரணங்களை எங்கள் தாய்மார் அடுக்கியவற்றோடு ஒருதரம் ஒப்பிட்டுப் பாருங்கள். வெள்ளைக்காரர் வீட்டிலும் இதே பேச்சுத்தான் இருந்திருக்கிறது.

கதவை மறுபடி திறந்தது ஒரு சட்டம். மத்திய அரசின் பணம் வாங்கும் எந்தப் பள்ளிக்கூடமும் பெண் என்ற காரணத்துக்காக ஒருவரை ஒதுக்கக் கூடாது என்று 1972 ஜூன் 23இல் ஜனாதிபதி நிக்சன் கையொப்பமிட்டார். 'ரைற்றில் நைன்' என்று இங்குள்ளவர்கள் சொல்வது இதைத்தான். அப்போது நாடு முழுவதும் உயர்பள்ளிகளில் விளையாடிய பெண்பிள்ளைகள் மூன்று இலட்சத்துக்கும் குறைவு. 2018-19இல் அது முப்பத்துநான்கு இலட்சம்.

ஸ்ரான்போர்ட்டில் முறையான பெண்கள் அணி 1974-75இல் தொடங்கியது. 1985இல் ராரா வான்டெர்வியர் என்ற பயிற்சியாளர் வந்தார். 1953இல் பிறந்த இவர் சிறுமியாக இருந்த காலத்தில் பெண்களுக்கு அணியே இல்லை. பொடியன்கள் தன்னையும் சேர்க்கட்டும் என்று நல்ல பந்து ஒன்றைத் தானே கொண்டுபோவாராம். கூடைப்பந்து உன்னை எங்கும் கொண்டுபோகாது, உள்ளே வந்து கணக்கைச் செய் என்று தகப்பன் கூப்பிட்டதை அவரே பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார். அந்தத் தகப்பன் நல்ல தமிழ்த் தகப்பன் போல!

முதல் பருவத்தில் 13 வெற்றி, 15 தோல்வி. ஆனால் 1990இலும் 1992இலும் தேசியக் கிண்ணம் வந்தது. மூன்றாவது கிண்ணத்துக்கு 2021 வரை காத்திருந்தார்கள். கொரோனாக் கட்டுப்பாட்டால் சொந்த மைதானத்தில் ஆட முடியாமல் அந்தப் பிள்ளைகள் வாரக்கணக்கில் ஹோட்டல்களில் பெட்டியும் கையுமாகத் திரிந்தார்கள். வீடு இல்லாமல் திரிவது எப்படி என்று எங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. ரெக்சாஸ் மாநிலம் சான் அன்ரோனியோவில் நடந்த இறுதி ஆட்டத்தில் அரிசோனாவை 54-53 என்று வென்றார்கள். 1896ஐப் போலவே ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். வான்டெர்வியர் 2024இல் ஓய்வுபெற்றபோது அவருடைய மொத்த வெற்றிகள் 1,216. பிறகு பொறுப்பேற்ற கேற் பேய், 1992இல் கிண்ணம் வென்ற அணியில் ஆடியவர்.

எங்களுக்குப் பிடித்தது இன்னொரு குடும்பத்தின் கதை. நைஜீரியாவிலிருந்து வந்து ரெக்சாஸில் ஹூஸ்ரன் பக்கம் குடியேறிய ஒக்வுமிக்கே குடும்பத்துக்கு நான்கு பெண்பிள்ளைகள். மூத்தவர்களான நெக்காவும் சினேயும் ஸ்ரான்போர்ட்டில் விளையாடி, பட்டமும் பெற்று, 2012இலும் 2014இலும் தொழில்முறைக் கழகங்கள் எடுத்த முதலாவது ஆட்டக்காரிகளானார்கள். நெக்கா 2016இல் ஆட்டக்காரிகளின் தொழிற்சங்கத் தலைவியானார். (தொழிற்சாலையில் நிற்கிற எங்களுக்கு அந்தச் செய்திதான் பெரிது.) இளைய இருவரும் ஹூஸ்ரனில் றைஸ் பல்கலைக்கழகத்துக்கு ஆடினார்கள். அவர்களில் எரிக்கா வைத்தியப் படிப்புக்கும் போனார்.

இதைப் படித்துவிட்டு ஸ்கொலசிப் கனவோடு பிள்ளையை விரட்ட வேண்டாம். அது மிகச் சிலருக்குத்தான் கிடைக்கும். பிள்ளைக்கு விருப்பமென்றால் கையெழுத்து வையுங்கள், அவ்வளவுதான். வந்த புதிதில் பேச ஆளில்லாமல் மதியச் சாப்பாட்டைத் தனியே இருந்து சாப்பிடும் பிள்ளைக்கு, அணியில் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரேநாளில் தெரிந்தவர்கள் ஆகிவிடுவார்கள்.

படிப்புக் கெடும் என்ற பயத்துக்கு ஒரு வார்த்தை. கலிபோர்னியாவில் சராசரி 'சி'க்குக் கீழே போனால் பொதுவாக அணியில் நிற்க விடமாட்டார்கள். விளையாட வேண்டும் என்பதற்காகவே கணக்கைச் செய்கிற பிள்ளைகள் உண்டு. பணமும் பிரச்சினை இல்லை. பள்ளிக்கூட விளையாட்டுக்குக் கட்டாயக் கட்டணம் வாங்கக் கூடாது என்று இந்த மாநில உச்ச நீதிமன்றம் 1984இல் தீர்ப்பளித்திருக்கிறது. 'நன்கொடை' என்று கேட்டால் விருப்பமிருந்தால் மட்டும் கொடுங்கள். நியூ ஜேர்சியிலும் ரெக்சாஸிலும் இருப்பவர்கள் அங்குள்ள நடைமுறையைப் பள்ளிக்கூடத்தில் கேளுங்கள். கட்டைக் காற்சட்டை கூச்சமென்றால் உள்ளே கால் முழுக்க மூடுகிற இறுக்கமான உடுப்புப் போட்டு ஆடலாம். நிறம் மட்டும் பயிற்சியாளரிடம் கேட்க வேண்டும்.

உயர்பள்ளித் தெரிவு பெரும்பாலும் நவம்பர் முதல் வாரங்களில். அதற்கு முன்னர் வைத்தியர் சோதித்துக் கையொப்பமிட்ட பத்திரம் வேண்டும். வைத்தியரிடம் நாள் கிடைக்கச் சுணங்கும், ஆகவே செப்ரெம்பரிலேயே பதிந்துவையுங்கள். இரவு வேலைக்குப் போகிறவர்கள், மாலை ஆறு மணிக்குப் பிள்ளையை ஏற்றிவர யார் என்று அதே அணியில் பிள்ளை உள்ள இன்னொரு வீட்டாரோடு முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.