கலோரிமானியும் கண்மூடிய எடுகோள்களும்

‘சுற்றாடலுக்கு வெப்ப இழப்பு இல்லையெனக் கொள்க.’ இரசாயனவியலைத் தொடங்கும் மாணவன் எவனும் இவ்வாக்கியத்தைத் தாண்டியே வெப்பக் கணக்கினுட் புகுகின்றான். தாண்டுகின்றானேயன்றி அதன்முன் நின்று சிந்திப்பதில்லை. எடுகோள் என்பது கணக்கை எளிதாக்க ஆசிரியர் வழங்கும் சலுகை என்னும் எண்ணம் வகுப்பறைகளில் வேரூன்றிவிட்டது. இது களையப்படவேண்டிய மயக்கமாகும்.

லீற்றருக்கு 1 மூல் செறிவுடைய ஐதரோகுளோரிக் அமிலத்திலும் சோடியம் ஐதரொட்சைட்டிலும் 50 மில்லிலீற்றர் வீதம் கலந்தால், வெப்பநிலை ஏறத்தாழ 6.8 பாகை செல்சியசு உயரவேண்டும். கரைசலின் தன்வெப்பமும் அடர்த்தியும் நீரினவே, கிண்ணம் வெப்பத்தை உறிஞ்சாது, தாக்கம் முற்றுப்பெறும், வெப்பம் வெளியேறாது. இத்தனையும் மெய்யானால் மட்டுமே, உருவாகும் நீரின் மூலொன்றுக்கு 57 கிலோயூல் என்னும் விடை கிட்டும். வெப்பமானி 6.2 பாகை உயர்வையே காட்டுமாயின் விடை 52 ஆகச் சுருங்கும். அவ்வேளை மாணவன் வினவவேண்டியது, எந்த எடுகோள் முறிந்தது என்பதே. அவனோ புத்தக விடை வரும்வரை தன் அளவீட்டைத் ‘திருத்து’கின்றான்!

கெஹெல்கமு ஓயாவை மறித்த அணையருகே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீற்றர் உயரத்திலுள்ள நோட்டன் பிரிட்ஜில் நீர் 97 பாகையளவிலேயே கொதிக்கும். கொதிநீரில் சூடேற்றிய உலோகத்துண்டு 100 பாகையில் உள்ளதென்பது கடற்கரையோரத்து எடுகோள். இறுதி வெப்பநிலை 25 பாகையாயின் உலோகத்தின் உண்மை வெப்பநிலை வீழ்ச்சி 72. கணக்கிற் கொள்ளப்படுவதோ 75. எனவே உலோகத்தின் தன்வெப்பம் நூற்றுக்கு 4 பங்கு குறைந்து வரும். வெப்பமானியை நம்பி 97 என எழுதும் மலையக மாணவன் தவறியவனல்லன். தவறியது இடமறியாத நூலே.

எடுகோளின்றிக் கணக்கு ஏது என்பார் உளர். உண்மையே. ஆயின் 1782-83 குளிர்காலத்தில் பனிக்கட்டிக் கலோரிமானியைக் கையாண்ட இலவோசியரும் இலப்பிலாசும், உள்ளிருந்த பனிக்கட்டியைச் சுற்றி வெளியேயும் பனிக்கட்டியை நிரப்பினர். புறவெப்பம் புகாதெனக் கொண்டு அவர்கள் வாளாவிருக்கவில்லை, புகாதவாறு தடுத்தனர். எடுகோள் அவர்களுக்குப் பொறுப்பாயிருந்தது. இன்றைய வகுப்பறைக்கோ அது மந்திரமாகிவிட்டது.

எனவே ஒவ்வொரு கணக்கிலும் எடுகோளை எழுதுவதற்கும், அது முறிந்தால் விடை எப்பக்கம் சாயும் எனக் கூறுவதற்கும் புள்ளி வழங்கப்படவேண்டும். ஆய்வுகூட வசதி எல்லாப் பாடசாலைகளுக்கும் சமமெனக் கொண்டு தோட்டத்துப் பிள்ளைகளை அளக்கும் பரீட்சையும் ஓர் எடுகோளின்மீதே நிற்கின்றது. அறிவியல் கற்பிப்போர் முதலிற் சோதிக்கவேண்டிய எடுகோள் அதுவே.