பால் மறந்த கன்றுக்கு என்ன அவசரம்?

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கால்நடை மருத்துவமனைப் பக்கம் போயிருக்கிறீர்களா? அன்பு மிகுதியால் சோறும் பொங்கலும் அளவின்றி ஊட்டப்பட்ட மாடுகள் வயிறு உப்பி, அசைபோடாமல், தலையைத் தொங்கவிட்டு நிற்கும். சில இறந்தும் போவதுண்டு. நல்ல உணவுதானே, அது எப்படி நஞ்சாயிற்று?

புல்லை மாடு தானாகச் செரிப்பதில்லை. அதன் அசையூண் வயிற்றில் குடியிருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களே அதைப் புளிக்க வைத்துத் தருகின்றன. நாரைச் சிதைக்கும் கூட்டம் வேறு, மாவுப்பொருளைச் சிதைக்கும் கூட்டம் வேறு. மாவுப்பொருள் திடீரென்று வந்து குவிந்தால் சிலவகை பாக்டீரியாக்கள் மளமளவென்று பெருகி லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலத்தைச் செலவழிக்கும் பாக்டீரியாக்களோ மெதுவாகத்தான் பெருகும். வழக்கமாக 6-க்கும் 7-க்கும் இடையே உள்ள பி.எச். அளவு 5-க்கும் கீழே போய்விடலாம். வயிற்றின் உட்சுவர் புண்ணாகும், அமிலம் இரத்தத்திலும் கலக்கும்.

நம் ஊரில் இது பண்டிகை நாள் விபத்து. அமெரிக்காவிலோ இறைச்சிக்காக வளர்க்கப்படும் கன்றுகளில் பெரும்பாலானவை புல்லிலிருந்து தானியத்துக்கு மாறியே ஆக வேண்டும். இறைச்சி உண்பது சரியா தவறா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. அந்த மாற்றத்தை எவ்வளவு அவசரமாகச் செய்கிறோம் என்பதே என் கேள்வி.

மான்டானா போன்ற மாநிலங்களில் வசந்த காலத்தில் பிறக்கும் கன்று, தாயோடு புல்வெளியில் வளர்கிறது. இலையுதிர் காலத்தில், ஆறு முதல் எட்டு மாத வயதில், ஏறக்குறைய 200 முதல் 250 கிலோ எடையில் தாயிடமிருந்து பிரிக்கப்படுகிறது. அதற்குள் அது நன்றாகப் புல் தின்று அசைபோடும், ஆகவே பால் போனது பெரிய இழப்பில்லை. ஆனால் பிரித்த அன்றே பல கன்றுகள் லாரியில் ஏற்றப்பட்டு, நெப்ராஸ்காவிலோ கான்சாஸிலோ உள்ள கொழுக்க வைக்கும் பட்டிகளுக்குப் போகின்றன. ஒரே நாளில் தாயும் இல்லை, புல்வெளியும் இல்லை. (28 மணி நேரத்துக்கு மேல் இறக்கி ஓய்வு தராமல் கால்நடைகளைக் கொண்டுபோகக் கூடாது என்று அங்கே 1873-லேயே சட்டம் வந்தது. 28 மணி நேரம்! நீங்கள் பேருந்தில் உட்கார்ந்து பாருங்கள்.)

போய்ச் சேர்ந்த இடத்தில் தீவனத் தொட்டி நிறைந்திருக்கும். கன்று அதைத் தொடாது. தொட்டி என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாதே! உடல் எடையில் இரண்டரை முதல் மூன்று சதவீதம் தின்ன வேண்டிய கன்று, முதல் வாரத்தில் ஏறக்குறைய அதில் பாதிதான் தின்கிறது. பட்டினியும் கலக்கமும் சேர்ந்து உடலின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கின்றன. அதுவரை மூக்கில் தீங்கின்றி இருந்த பாக்டீரியாக்கள் நுரையீரலுக்கு இறங்கிவிடுகின்றன. இதைப் பயணக் காய்ச்சல் என்பார்கள்.

ஆகவே முதல் நாட்களில் கன்றுக்குத் தெரிந்த உணவான நல்ல உலர்புல்லைத் தொட்டியில் மேலாகப் பரப்ப வேண்டும். அதை முகர்ந்து வரும்போது அடியிலுள்ள கலப்புத் தீவனமும் வாயில் படும். குறைவாகத் தின்பதால் ஒவ்வொரு வாயிலும் சத்து மிகுதியாக இருக்க வேண்டும். 14 முதல் 16 சதவீதம் புரதம் இருப்பது நல்லது. மக்காச்சோளத்தை மட்டும் ஏறக்குறைய மூன்று வாரங்களில் படிப்படியாகக் கூட்ட வேண்டும். நுண்ணுயிர்க் கூட்டம் மாறுவதற்கு அவ்வளவு நாள் பிடிக்கும்.

என்னைக் கேட்டால், இந்த வாரங்களைக் கன்று பிறந்த பண்ணையிலேயே கழிப்பதுதான் முறை. தடுப்பூசி போட்டு, தொட்டியில் தின்னப் பழக்கி, 45 நாள் கழித்து அனுப்பலாம். அப்படிச் செய்யாதபோது வந்திறங்கிய மந்தைக்கே, நோய் தெரியும் முன்பே, ஆன்டிபயாடிக் மருந்து கொடுக்கிறார்கள். அமெரிக்கா 2017-இல் வளர்ச்சிக்காக முக்கிய ஆன்டிபயாடிக்குகளைத் தீவனத்தில் சேர்ப்பதை நிறுத்தியது. ஆனால் நோய்த் தடுப்புக்கு மருத்துவரின் உத்தரவோடு கொடுக்கலாம். ஐரோப்பிய ஒன்றியமோ 2022 முதல் இப்படி மந்தை முழுவதற்கும் முன்கூட்டிக் கொடுப்பதைத் தடுத்துவிட்டது. இது நமக்கும் பொருட்டுதான். மருந்துக்கு அடங்காத கிருமி ஒருமுறை தோன்றிவிட்டால் அது நாட்டின் எல்லையைப் பார்ப்பதில்லை.

பண்ணையாளர் பக்கமும் நியாயம் உண்டு. அமெரிக்காவில் ஒரு மந்தையில் சராசரியாக ஐம்பதுக்கும் குறைவான தாய்ப்பசுக்களே இருக்கின்றன. குளிர்காலம் வருகிறது, உலர்புல்லுக்குப் பணம் வேண்டும், ஆண்டு வருமானமோ அந்த ஒரு விற்பனையில். பழக்கிய கன்றுகளுக்கு ஏலத்தில் சற்றுக் கூடுதல் விலை கிடைக்கிறது என்றாலும், அது எல்லா ஆண்டும் செலவை ஈடுகட்டும் என்று சொல்ல முடியாது. இந்தச் சுமையை வாங்குபவரும் இன்னும் தாராளமாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

செலவு குறைந்த வழி ஒன்றும் உண்டு. கலிபோர்னியாவில் நடந்து 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், சில கன்றுகளைத் தாயிடமிருந்து வெகுதூரம் கொண்டுபோகாமல் ஒரு வேலிக்கு அந்தப் பக்கம் விட்டார்கள். முதல் இரண்டு வாரங்களில் அவை, அடியோடு பிரிக்கப்பட்டவற்றைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு எடை கூடின. பத்து வாரம் கழித்தும் மற்றவை அவற்றை எட்டவில்லை. தாயும் கன்றும் சில நாள் வேலிக்கு இருபுறமும் நின்று கத்தும். பிறகு இரண்டும் மேயப் போய்விடும். வேலி மட்டும் உறுதியாக இருக்க வேண்டும்.