கைக்குக் கிரிப்பா, கண்ணுக்குக் கிரிப்பா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது துப்பாக்கி நல்லதா கெட்டதா என்கிற பதிவு அல்ல. அந்தச் சண்டையை அமெரிக்காக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். அங்கே பல மாநிலங்களில் ஒருவர் சட்டப்படி இடுப்பில் பிஸ்டலைச் செருகிக்கொண்டு மளிகைக் கடைக்குப் போய் வரலாம். அப்படிப் போகிறவர் அந்தப் பிஸ்டலுக்கு வெளியிலிருந்து ஒரு புதுக் கிரிப், அதாவது கைப்பிடி, வாங்கும்போது எதைப் பார்த்து வாங்குகிறார் என்பதுதான் விஷயம். நுகர்வோர் நடத்தை பற்றி வகுப்பில் சோப்பு, ஷாம்பு என்று உதாரணம் சொல்லிக் கொல்கிறார்களே, அதைவிட இது நூறு மடங்கு நல்ல உதாரணம் என்பது என் கட்சி :-)

என் வாதம் ரொம்பச் சின்னது. மாடுலர் பிஸ்டல் வந்ததே கைக்குத் தகுந்தபடி துப்பாக்கியை மாற்றத்தான். இன்றைக்கு அதை வைத்து நடக்கும் வியாபாரமோ பெரும்பாலும் கண்ணுக்குத் தகுந்தபடி மாற்றுவது. சோப்பில் தப்பாக வாங்கினால் பத்து ரூபாய் போகும். இதில் தப்பாக வாங்கினால் தோட்டா வேறு எங்காவது போகும்.

மாடுலர் என்றால் என்ன?

தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். சாதாரண பாலிமர் பிஸ்டலில், க்ளாக்கை எடுத்துக்கொள்ளுங்களேன், கைப்பிடியும் உடம்பும் ஒரே வார்ப்பு. சீரியல் நம்பரும் அதில்தான். அமெரிக்காவின் 1968ஆம் வருடத்துத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, ஃப்ரேம் அல்லது ரிசீவர் எனப்படும் அந்த உடம்பு தனியாகக் கிடந்தாலும் அது துப்பாக்கிதான். அந்த உடம்பு உங்கள் கைக்குச் சரியில்லை என்றால் வேறு துப்பாக்கி வாங்க வேண்டும். கடைக்குப் போனால் மறுபடியும் லைசென்ஸ் பெற்ற டீலர், படிவம், பின்னணிச் சோதனை என்று முதலிலிருந்து ஆரம்பம்.

சிக் சாவர் கம்பெனி 2014ல் கொண்டுவந்த பி320லும், 2018 ஜனவரியில் காட்டிய சின்னத் துப்பாக்கியான பி365லும் கதை வேறு. டிரிகர் சம்பந்தப்பட்ட பாகங்களையெல்லாம் ஒரு சின்ன ஸ்டீல் கூட்டுக்குள் அடக்கிவிட்டார்கள். பெயர் ஃபயர் கன்ட்ரோல் யூனிட். சீரியல் நம்பர் அதன் மேல்தான். சட்டத்தின் கண்ணில் அந்தக் கூடுதான் துப்பாக்கி. வெளியே நாம் பிடிக்கிற கிரிப் வெறும் உதிரி பாகம். அதனால் ஃபெடரல் சட்டப்படி அதைச் செல்போன் கவர் மாதிரி தபாலில் வரவழைத்துக்கொள்ளலாம். ஸ்லைடைக் கழற்றி, டேக்டவுன் லீவரை உருவி, யூனிட்டைத் தூக்கி, வேறு கிரிப்பில் வைத்தால் வேலை முடிந்தது.

காமர்ஸ் கண்ணோடு பார்த்தால் இது அபாரமான யோசனை. ஒரு தடவை யூனிட்டை விற்றுவிட்டால், அதற்குப் பின்னால் காலம் முழுக்கக் கிரிப், ஸ்லைடு, மேகசின் என்று விற்றுக்கொண்டே இருக்கலாம். ரேசரை விற்றுவிட்டு பிளேடில் சம்பாதிக்கிற அதே கணக்கு. வித்தியாசம் என்னவென்றால், இங்கே பிளேடு விற்க ஊரில் இருக்கிற எல்லாரும் வந்துவிட்டார்கள். வில்சன் காம்பாட் பாலிமர் கிரிப் விற்கிறது. இகாரஸ் ப்ரிசிஷன் அலுமினியத்தில் கடைந்து விற்கிறது. இன்னும் ஏராளம் பேர்.

யாருக்காக வந்தது, யாருக்கு விற்கிறது

அமெரிக்க ராணுவம் 1985லிருந்து பெரெட்டா எம்9 வைத்திருந்தது. தடித்த கைப்பிடி. முதல் குண்டுக்கு டிரிகர் ரொம்ப முன்னால் நிற்கும். சின்னக் கை உள்ளவர்களுக்கு, அதிலும் பல பெண் சிப்பாய்களுக்கு, அது எட்டவே எட்டாத சமாசாரம். அடுத்த பிஸ்டலுக்கு ராணுவம் போட்டி வைத்தபோது அதன் பெயரிலேயே மாடுலர் என்ற வார்த்தையைச் சேர்த்தது. 2017 ஜனவரியில் பி320 தேர்வாகி எம்17, எம்18 என்று ஆனது. கிரிப் சிறியது, நடுத்தரம், பெரியது என்று 3 அளவில். சட்டைக்குப் பார்ப்பது போலக் கைக்கும் அளவு!

ஆக மாடுலர் என்பதன் முதல் நியாயம் இதுதான்: ஒரே துப்பாக்கி, பல கைகள்.

இப்போது பி365 கிரிப் விற்கிற விளம்பரங்களைப் பாருங்கள். முதலில் தெரிவது நிறம். அப்புறம் அலுமினியமா, பாலிமரா. அப்புறம் கைப்பிடியில் கொத்தியிருக்கிற டிசைன். அப்புறம் மேகசின் நுழைகிற வாயை அகலமாக்கியிருக்கிறார்களா என்பது. டிரிகருக்கும் கைப்பிடியின் பின்பக்கத்துக்கும் எவ்வளவு தூரம், எந்த அளவுக் கைக்கு இது பொருந்தும் என்கிற ஒரே ஒரு எண்ணைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் கிடைக்காது. செருப்புக் கடையில் சைஸ் நம்பர் போடாமல் கலர் மட்டும் எழுதி வைத்தால் நாம் சும்மா இருப்போமா?

சரி, எப்படித்தான் தேர்ந்தெடுப்பது?

என் வரிசை இது. மேலே இருப்பது தேறாவிட்டால் கீழே போகவே கூடாது.

1. டிரிகர் எட்டுகிறதா? கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சதை கைப்பிடியின் பின்பக்கத்தில் நன்றாக மேலே ஏறி உட்கார வேண்டும். பேரல் முன்கை எலும்போடு ஒரே கோட்டில் நிற்க வேண்டும். அந்த நிலையிலேயே ஆள்காட்டி விரலின் முதல் கணுவின் சதை டிரிகர் மேல் படிய வேண்டும். விரல் நுனி மட்டும் தொட்டால் கிரிப் பெரிது. விரல் இரண்டாம் கணு வரை உள்ளே போனால் கிரிப் சிறிது. எட்டவில்லை என்று கையைத் திருப்பிப் பிடிக்கிறவருக்குக் குண்டு பக்கவாட்டில் விலகும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கிரிப்பாக இருந்தாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

2. எத்தனை விரல், எவ்வளவு மறைவு? ஒளித்து வைக்கிற துப்பாக்கியில் சட்டைக்கு மேல் காட்டிக்கொடுப்பது பேரல் அல்ல, கைப்பிடிதான். பேரல் பேண்ட்டுக்குள் இறங்கிவிடும். கைப்பிடி பெல்ட்டுக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும். பி365 உயரம் 4.3 அங்குலம், மேகசினில் 10 குண்டு. எக்ஸ்எல் 4.8 அங்குலம், 12 குண்டு. எக்ஸ்-மேக்ரோ 5.2 அங்குலம், 17 குண்டு. அரை அங்குலம்தானே என்று தோன்றும். அந்த அரை அங்குலத்தில்தான் சுண்டுவிரல் கைப்பிடியில் உட்காருவதும் காற்றில் தொங்குவதும் இருக்கிறது. சட்டையில் அச்சு தெரிவதும் தெரியாததும் அதே அரை அங்குலம்தான். இரண்டில் எது வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி மாதிரி 10 குண்டு வரம்பு உள்ள மாநிலங்களில் நீளமான கிரிப் போட்டாலும் குண்டு கூடப்போவதில்லை. விரலுக்கு இடம் கிடைக்கும், அவ்வளவுதான்.

3. உறைக்குள் போகிறதா? பலர் மறக்கிற விஷயம், உயிரை எடுக்கக்கூடிய விஷயமும் இதுதான். இடுப்பில் வைக்கிற கைடெக்ஸ் ஹோல்ஸ்டர் துப்பாக்கியின் டிரிகர் வளையத்தை வைத்தே அச்சு வார்க்கப்படுகிறது. வெளிக் கம்பெனி கிரிப்களில் அந்த வளையத்தின் அடியைக் குடைந்திருப்பார்கள், அல்லது தடிமனை மாற்றியிருப்பார்கள். பழைய ஹோல்ஸ்டரில் அது லூசாக ஆடலாம், பாதியில் நிற்கலாம். டிரிகர் முழுக்க மூடப்படவில்லை என்றால் அந்த ஹோல்ஸ்டரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். சேஃப்டி லீவர் உள்ள மாடல் என்றால் அதற்கு இடம் வெட்டிய கிரிப்தான் வேண்டும். டார்ச் மாட்டுகிறவர்கள் ரெயிலையும் பார்க்க வேண்டும். முதல் பி365ல் இருப்பது கம்பெனியின் சொந்த ரெயில், எக்ஸ்-மேக்ரோவில் பொது அளவு.

4. வேலை செய்கிறதா? கிரிப் மாறினால் மேகசின் உட்காருகிற உயரமும் பிடிப்பும் மாறலாம். ஸ்லைடைப் பிடித்து நிறுத்துகிற லீவரில் விரல் இடிக்கலாம். காலித் துப்பாக்கியில் எல்லாம் சோதித்த பிறகு, ரேஞ்சில் குறைந்தது 200 ரவுண்டாவது தடங்கல் இல்லாமல் ஓட வேண்டும். அதற்கு முன்னால் அதை நம்பி இடுப்பில் வைப்பது, பிரேக் மாற்றிய பைக்கை நேராக மலைப்பாதையில் ஓட்டிப் பார்ப்பது மாதிரி.

5. சொரசொரப்பு, எடை, நிறம். இதெல்லாம் கடைசியில். சொரசொரப்பு அதிகமானால் பிடி நிற்கும், ஆனால் இடுப்புத் தோலையும் பனியனையும் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். நிறத்துக்கு ஒரு வேலையும் இல்லை.

சந்தை இந்த வரிசையை 5லிருந்து 1க்கு விற்கிறது. என் கோபம் அவ்வளவுதான்.

கணக்குப் போடுவோமா?

பாலிமர் கிரிப் சுமாராக 50 முதல் 100 டாலருக்குள் முடிந்துவிடும். அலுமினியம் 200 டாலரைச் சாதாரணமாகத் தாண்டும். 250 என்று வைத்துக்கொள்வோம். 9 மி.மீ. பயிற்சித் தோட்டா ஒன்று 25 சென்ட் என்று போட்டால் 250 டாலர் என்பது 1000 தோட்டா. 60 டாலருக்குக் கைக்குப் பொருந்துகிற பாலிமர் கிரிப் வாங்கினால் மிச்சம் 190 டாலர், அதாவது 760 தோட்டா. மாதம் 100 ரவுண்டு சுட்டால் ஏழு மாதத்துக்கு மேல் பயிற்சி. இதைத்தான் வாய்ப்புச் செலவு என்று பரீட்சையில் 2 மார்க்குக்கு எழுதிவிட்டு மறந்துபோகிறோம்.

எதிர்க்கட்சி என்ன சொல்லும்?

"அலுமினியம் கனமானது, உதைப்பு குறையும்." உண்மை. கிரிப் வளையாது, கையில் திடமாக நிற்கும், போட்டியில் சுடுகிறவருக்குப் பிரயோஜனம்தான். ஆனால் பி365 வாங்கியதே காலியாக அரைக் கிலோ எடை, ஒரு அங்குல அகலம் என்பதற்காகத்தானே? முதலில் கனமான கிரிப், அப்புறம் நீளமான கிரிப், அப்புறம் அகலமான மேகசின் வாய் என்று மூன்று பார்சல் வந்த பிறகு கையில் இருப்பது சின்னத் துப்பாக்கியே இல்லை. பெரிய துப்பாக்கியை முதல் நாளே குறைந்த விலையில் வாங்கியிருக்கலாம்.

"என் காசு, என் இஷ்டம்." தாராளமாக. அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறவரைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. ஆனால் தற்காப்புக்கு என்று இடுப்பில் வைக்கிறவருடைய தோட்டா குறி தவறினால் அது அவருடைய காசோடு நிற்பதில்லை. பக்கத்து வீட்டுச் சுவர் வரைக்கும், அதைத் தாண்டியும் போகும்.

"நல்ல கிரிப் போட்டால் துப்பாக்கி பத்திரமாகிவிடும்." இது மூன்றிலும் ஆபத்தானது. பி320 கீழே விழுந்தால் வெடிக்கிறது என்று புகார் கிளம்பி, 2017 ஆகஸ்டில் கம்பெனி இலவச மாற்றம் அறிவித்தது. அதில் மாற்றியது டிரிகர், சியர், ஸ்ட்ரைக்கர் மாதிரி உள் பாகங்களை. கிரிப்பை அல்ல. டிரிகரைத் தொடாமலே வெடித்தது என்று தொடுத்த வழக்குகளில் 2024ல் ஜார்ஜியாவிலும் பிலடெல்பியாவிலும் ஜூரிகள் கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். துப்பாக்கியில் குறை இல்லை என்பது கம்பெனி தரப்பு. யார் சரி என்பது இருக்கட்டும். கவர் மாற்றினால் போனுக்குள் இருக்கிற பேட்டரி மாறாது. அவ்வளவு தெரிந்தால் போதும்.

கடைசியாக ஒன்று

மாடுலர் முறையின் உண்மையான வசதியை யாரும் விளம்பரம் செய்வதில்லை. கிரிப் மலிவு, அதற்குச் சீரியல் நம்பர் கிடையாது என்பதால் தைரியமாக முயற்சி செய்யலாம். கம்பெனியின் சாதாரண பாலிமர் கிரிப் ஒன்றைக் கூடுதலாக வாங்கி, விரல் இடிக்கிற இடத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பாருங்கள். கெட்டுப் போனால் அந்த பிளாஸ்டிக்தான் நஷ்டம், துப்பாக்கி பத்திரம். க்ளாக்கில் இதைச் செய்தால் சீரியல் நம்பர் போட்ட உடம்பையே தேய்க்கிறோம்.

சின்னக் கை உள்ளவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! கடைக்காரர் நீட்டியதை வாங்கிக்கொண்டு, எட்டாத டிரிகரை எட்டி எட்டி இழுத்து, "எனக்குத்தான் சுட வரவில்லை போல" என்று ஒதுங்கிப்போன பெண்களுக்காக வந்திருக்க வேண்டிய வசதி இது. அவர்களிடம் போய், தங்க நிறத்தில் இருக்கிறது பாருங்கள், வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். கிரிப் விற்கிறவர்களே, உங்கள் பெட்டி மேல் கையளவை ஒரு வரியில் போடுங்கள். நிறத்தை அதற்கு அடுத்த வரியில் போட்டுக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றது?

பி.கு: "காமர்ஸ் படிக்கிற ஆளுக்குத் துப்பாக்கி எதற்கு" என்று கேட்கக் காத்திருக்கும் வகுப்புத் தோழர்களுக்கு: அடுத்த பதிவு பிரிண்டர் இங்க் பற்றி. அங்கேயும் இதே கொள்ளைதான், உயிர்ச்சேதம் மட்டும் இல்லை.