பழைய லாரி வாங்கப் போறீங்களா? 697-ஆ, கம்மின்ஸான்னு முதல்ல கேளுங்க!

புது லாரிக்கு முன்பணம் கட்ட முடியாத டிரைவர், சொந்தத் தொழில் என்று யோசித்தால் முதலில் தேடுவது பழைய ஆறு சக்கர வண்டியைத்தான். டாடா 1210, 1613, லேலண்ட் காமெட்... நாமக்கல், சங்ககிரி பக்கம் இந்தப் பெயர்களைச் சின்னப் பிள்ளைகளும் சொல்வார்கள். வீட்டு நகை அடகுக்குப் போவது இந்த ஒரு முடிவை நம்பி. ஆனால் பலரும் பெயின்ட்டையும் டயரையும் தட்டிப் பார்த்துவிட்டு, இன்ஜினைக் கடைசியாகத்தான் பார்க்கிறார்கள்.

டாடா எண்களில் ஒரு கணக்கு இருக்கிறது. 1613 என்றால் மொத்த எடை 16 டன், சக்தி சுமார் 130 ஹெச்.பி. இன்ஜின் பெயர் 697 என்றால் 6 சிலிண்டர், ஒவ்வொன்றின் உள்விட்டம் 97 மி.மீ. அதற்கு முந்தைய 692-க்கு 92 மி.மீ. டாடா 407-இல் வந்த 497, நாலு சிலிண்டர். லேலண்ட் 370 வேறு கணக்கு. அது கன அங்குலம். நம் கணக்கில் சுமார் 6 லிட்டர்.

1613-இலேயே டாடாவின் 697 டர்போவும் உண்டு, 5.9 லிட்டர் கம்மின்ஸும் உண்டு. இழுவைக்கு கம்மின்ஸ் என்பார்கள். ஆனால் அதில் லைனர் கிடையாது. தேய்ந்தால் பிளாக்கையே போரிங் செய்ய வேண்டும். ஏற்கெனவே எத்தனை முறை போரிங் ஆனது என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுப்பது ஆபத்து. 697-இல் லைனரை மாற்றிக்கொள்ளலாம். சின்ன ஊர்ப் பட்டறையிலும் கை பழகிய இன்ஜின். தனி ஆளாகத் தொழில் செய்பவருக்கு அதுவே பாதுகாப்பு. இரண்டிலுமே பழைய மாடல்களில் மெக்கானிக்கல் பம்ப்தான். வழியில் டீசல் தீர்ந்து லைனில் காற்று பிடித்தால், கை பம்பை அழுத்தி ஏர் எடுத்துவிட்டுக் கிளம்பலாம். லேப்டாப்போடு ஆள் வரக் காத்திருக்க வேண்டாம்.

டர்போ இன்ஜினுக்கு மட்டும் ஒரு ஒழுக்கம் தேவை. சுமையோடு ஓடி வந்து நின்றதும் சாவியைத் திருப்பக் கூடாது. ஓரிரு நிமிடம் ஐட்லிங் விட வேண்டும். உடனே நிறுத்தினால் ஆயில் ஓட்டம் நின்று, சூட்டில் டர்போ பேரிங் போய்விடும்.

ஓட்டுவது? இன்ஜின் சூடு கேபினுக்குள்ளேயே அடிக்கும். சின்க்ரோமெஷ் இல்லாத கியர்பாக்ஸ் என்றால் டபுள் கிளட்ச் போடாமல் கியர் விழாது. பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியைத் திருப்ப, தோள்பட்டைதான் பதில் சொல்லும். இதெல்லாம் பழகிவிடும். பழகக் கூடாத ஒன்று உண்டு: தருமபுரி - சேலம் சாலையில் தொப்பூர் இறக்கம் மாதிரி இடங்களில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது. இன்ஜின் பிடிப்பு போய்விடும், மொத்தச் சுமையும் பிரேக் டிரம்மில் இறங்கும். ஏர் பிரேக் வண்டியில் அடிக்கடி மிதித்தால் காற்றும் குறையும். ஐட்லிங்கில் கம்ப்ரஸர் மெதுவாகத்தான் நிரப்பும். ஏற எந்த கியர் கேட்குமோ, அதே கியரில் இறங்குங்கள்.

செலவுக் கணக்கில் எஃப்.சி.யையும் சேருங்கள். 15 வருடம் தாண்டிய கனரக வாகனங்களுக்கு 2022 ஏப்ரல் முதல் மத்திய அரசு நிர்ணயித்திருந்த கட்டணமே 12,500 ரூபாயாக இருந்தது.

வண்டியைப் பார்க்க காலையிலேயே போய்விடுங்கள். உரிமையாளர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். குளிர்ந்த இன்ஜின் எத்தனை முறையில் பிடிக்கிறது, புகை என்ன நிறம், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் எவ்வளவு புகை தள்ளுகிறது என்பதைப் பார்த்த பிறகு விலையைப் பேசலாம்.