பலகை இல்லாத கடையில் துப்பாக்கிக்கு இடமுண்டா?

அமெரிக்காவில் மேற்கல்வி பயில விரும்பும் நம் மாணவர்கள் கட்டணம், தங்குமிடம், குளிர் எனப் பலவற்றை விசாரிக்கிறார்கள். இன்னொன்றையும் அறிந்துகொள்வது நல்லது. அங்கே காப்பிக் கடையில் நம் பக்கத்தில் அமர்ந்திருப்பவரின் சட்டைக்குள் கைத்துப்பாக்கி இருக்கலாம். பல மாநிலங்களில் அது குற்றமும் ஆகாது.

ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை 1791-இல் சேர்க்கப்பட்ட இரண்டாவது அரசியலமைப்புத் திருத்தம் தருகிறது. தற்காப்புக்காக வீட்டுக்கு வெளியேயும் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்வது அதில் அடங்கும் என்று 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. பள்ளி, அரசாங்கக் கட்டடம் போன்ற இடங்களில் தடை இருக்கலாம் என்றும் அது ஏற்றுக்கொண்டது.

ஆனால், இந்த உரிமை அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்துகிறது, கடைக்காரரை அல்ல. தம் கடைக்குள் துப்பாக்கி வேண்டாம் என்று அவர் தாராளமாகச் சொல்லலாம். டெக்சஸ் மாநிலச் சட்டம் அதற்கான அறிவிப்புப் பலகையின் வாசகத்தைக்கூட வகுத்துள்ளது. ஆங்கிலம், ஸ்பானியம் ஆகிய இரு மொழிகளிலும், குறைந்தது 1 அங்குல உயர எழுத்துகளில் அது இருக்க வேண்டும்.

பலகையே இல்லாத கடையில் என்ன செய்வது? சிக்கல் இங்கேதான். பெரும்பாலான மாநிலங்களில் உரிமையாளரின் மௌனம் சம்மதமாகக் கொள்ளப்படுகிறது. 2023-இல் ஹவாய் இதைத் தலைகீழாக மாற்றியது. உரிமையாளர் வெளிப்படையாக அனுமதித்தால் மட்டுமே துப்பாக்கியோடு நுழையலாம் என்றது. இதை எதிர்த்த வழக்கை 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது.

நான் ஹவாயின் பக்கம். அதற்கு முதல் காரணம் கடை ஊழியர்கள். நம் வயதை ஒத்தவர்கள்தான் அங்கே பகுதி நேரமாகக் கல்லாவில் நிற்கிறார்கள். 2013-இல் ஸ்டார்பக்ஸ் தலைவர் ஹோவர்ட் ஷுல்ட்ஸ், துப்பாக்கியோடு வர வேண்டாம் என்று வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டார், தடை விதிக்கவில்லை. தடை விதித்தால், ஆயுதம் வைத்திருப்பவரிடம் போய்ப் பேச வேண்டிய நிலை ஊழியருக்கு வரும் என்பதே அவர் சொன்ன காரணம். 2019 ஆகஸ்டில் எல் பாசோ நகர வால்மார்ட்டில் 23 பேரைப் பலிகொண்ட தாக்குதலுக்குப் பிறகு, வால்மார்ட்டும் வெளியே தெரியும்படி துப்பாக்கி ஏந்தி வர வேண்டாம் என்றே வேண்டியது. பெரிய நிறுவனங்களே தயங்கும்போது, சிறு மளிகைக் கடைக்காரர் என்ன செய்வார்? அவருக்காகச் சட்டம் பேசட்டும்.

“பலகையைப் பார்த்துக் கொலைகாரன் திரும்பிப் போவானா?” என்று எதிர்த்தரப்பினர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். 1991 அக்டோபரில் டெக்சஸின் கில்லீன் நகரில் லூபிஸ் உணவகத்தில் 23 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அங்கிருந்த சுசானா ஹப் பெற்றோர் இருவரையும் இழந்தார். அன்றைய சட்டத்துக்குப் பணிந்து தம் துப்பாக்கியை அவர் காரிலேயே விட்டு வந்திருந்தார். பின்னர் சட்டமன்ற உறுப்பினராகி, துப்பாக்கி உரிமைக்காக வாதாடினார். அவருடைய வேதனையை யாரும் அலட்சியப்படுத்த முடியாது.

ஆனால், அன்று அவரைத் தடுத்தது மாநிலச் சட்டம். உணவக உரிமையாளரின் முடிவு அல்ல. ஹவாய் முறை முடிவை உரிமையாளரிடமே விடுகிறது. துப்பாக்கி இருந்தால் பாதுகாப்பு என்று நம்புபவர், “கொண்டு வரலாம்” என்று பலகை வைக்கலாம். கொலைவெறியோடு வருபவனைப் பலகை தடுக்காது என்பது உண்மையே. ஆயினும் வரிசையில் எழும் வாய்ச்சண்டை, கைதவறி வெடிக்கும் துப்பாக்கி போன்ற ஆபத்துகளும் இருக்கின்றன. அவற்றைக் குறைக்க விதி உதவும்.

பெரும்பாலான கடைக்காரர்கள் பேசாமல் இருந்துவிட்டால் உரிமையே பொருளற்றுப் போகும் என்கிறார்கள். கேட்டால் மறுத்துவிடுவார்கள் என்ற அச்சம்தான் இதில் தெரிகிறது. மறைத்து வைத்திருப்பது அவருக்கு மட்டுமே தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. ஆகவே, கேட்க வேண்டிய கடமையும் அவருடையதே.

நண்பர்களே, இது நமக்குத் தொலைதூர விவாதம் அல்ல. டெக்சஸில் 2016 ஆகஸ்டு முதல், அரசாங்கப் பல்கலைக்கழக வளாகங்களில் உரிமம் பெற்றவர்கள் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். தனியார் பல்கலைக்கழகங்கள் அதை மறுக்கலாம். விண்ணப்பிக்கும் முன் பாடத்திட்டத்தோடு இந்த விதியையும் படித்துவிடுங்கள்.