சீனியர் 'தேன்' மீயா, சீனியர் 'டு' மீயா?

பி.காம் படிக்கிறவனுக்கு பேலன்ஸ் ஷீட் டேலி ஆகாததுதான் பெரிய கவலை என்று நினைத்திருந்தேன். வங்கித் தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்த பிறகு இத்துனூண்டு 'தேன்' என் தூக்கத்தைக் கெடுக்கிறது. பேர்தான் தேன், கசப்பு தாங்கவில்லை :-)

போன வாரம் கோச்சிங்கில் ஒரு மாதிரித் தேர்வு. 'ஷி ஈஸ் ஓல்டர் தேன் ___.' ஆப்ஷனில் 'ஐ'யும் இருக்கிறது, 'மீ'யும் இருக்கிறது. 'மீ' போட்டேன். தப்பாம்! வங்கித் தேர்வு மாதிரியே கால் மார்க்கும் போச்சு. ஏன் சார் என்றால், "ரூல் அப்படி, மனப்பாடம் பண்ணு" என்கிறார்.

என்ன ரூல் சார்? 'தேன் ஐ' கொஞ்சம் விறைப்பான நடை. 'தேன் மீ' இங்கிலீஷ்காரன் தினமும் பேசுவது. இரண்டுமே சரிதான். 'டிஃபரன்ட்' கூட இப்படித்தான். 'ஃப்ரம்' எல்லா இடத்திலும் செல்லும். பிரிட்டிஷ்காரர்கள் 'டு'வும் போடுவார்கள், அமெரிக்கர்கள் 'தேன்' போடுவார்கள். சாப்பிட்டாயா என்பதற்கு லண்டனில் 'ஹேவ் யூ ஈட்டன் யெட்?', நியூயார்க்கில் 'டிட் யூ ஈட் யெட்?' இதில் ஒன்றை மட்டும் சரி என்று சொல்லி மார்க்கைப் பிடுங்குவது என்ன நியாயம்?

இதில் வேடிக்கை கேளுங்கள். கான்வென்ட்டில் படித்த நண்பனும் 'மீ' போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான். 'ஐ' போட்டவன் யார் தெரியுமா? அதே கோச்சிங்கில் இரண்டாம் தடவை பணம் கட்டிச் சேர்ந்தவன். அப்படியென்றால் இந்தக் கேள்வி அளப்பது இங்கிலீஷையா, கட்டிய ஃபீஸையா?

உடனே 'கிராமரே வேண்டாம்கிறான்' என்று கும்ம வராதீர்கள். வேண்டும், காரணத்தோடு வேண்டும். "நேத்து அவன் வந்திருக்கான்" தமிழில் சரி. அதையே 'ஹி ஹேஸ் கம் எஸ்டர்டே' என்றால் தப்பு. முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் அங்கே 'ஹேஸ்' வராது. "பத்து வருஷமா இங்க இருக்கேன்" என்பதை நிகழ்காலத்திலேயே சொல்லிப் பழகியதால்தான் 'ஐ ஆம் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்' என்று எழுதுகிறோம். 'ஐ ஹேவ் பீன் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்' என்பதே சரி.

தலைப்புக்கு வருகிறேன். தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே 'விட'தான். என்னை விட சீனியர், காபியை விட டீ. அதனால்தான் நமக்கு எங்கே பார்த்தாலும் 'தேன்' வருகிறது. ஆனால் சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் எல்லாம் லத்தீனிலிருந்து வந்தவை. அந்த மொழியில் அவையே ஒப்பீட்டுச் சொற்கள். சீனியர் என்றாலே 'மேலும் மூத்தவர்' என்றுதான் அர்த்தம். இங்கிலீஷில் அவற்றோடு 'டு' சேர்ந்துகொண்டது. இதைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமா? கேட்டவன் ஜென்மத்துக்கும் மறப்பானா? எந்த வகுப்பிலும் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கேள்வி எடுக்கும் ஐயாமார்களே, இரண்டு விடையும் சரியாக இருக்கிற கேள்வியைத் தூக்கிப் போடுங்கள். நாளைக்கு நாங்கள் வங்கியில் உட்கார்ந்து கடிதம் எழுதுவோம். 'லோன் ஹேஸ் பீன் சாங்ஷன்ட்' என்பதற்கும் 'வில் பி சாங்ஷன்ட்' என்பதற்கும் வித்தியாசம் தெரியாமல் எழுதினால், பணம் வந்துவிட்டது என்று நம்பி ஒருத்தர் கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுவார். கால் மார்க்கை அங்கே பிடுங்குங்கள், வாயைத் திறக்க மாட்டோம்.

'ஐ'யா 'மீ'யா என்று கேட்டு மட்டும் பிடுங்காதீர்கள்.